வீட்டுக் கணக்கில் ஏறாத வரவு

சிக்கனம் என்னும் சொல் கூட்டுறவாளர்களுக்குப் புதிதன்று. 1904ஆம் ஆண்டில் திரூரில் நம் மாநிலத்தின் முதற் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய நாள் முதலாக அச்சொல் நம்மோடு வளர்ந்து வந்துள்ளது. நம் சங்கங்களுள் ஒரு வகைக்குச் சிக்கன நாணயச் சங்கம் என்றே பெயர். ஆயினும், சிக்கனமாக வாழும் ஒரு குடும்பம் உண்மையில் எதைச் சிக்கனம் செய்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே விடை கூற இயலாது. பணத்தை என்போம். பணம் மிஞ்சுகிறதென்றால் அதற்கு ஈடாக வேறொன்று செலவாகியிருக்க வேண்டும். அந்த வேறொன்று யாது, அதனைச் செலவிட்டவர் யாவர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளர் இல்லமும் உழவர் இல்லமும் மற்ற இல்லங்களினின்றும் ஒரு வகையில் வேறுபட்டவை. மாதச் சம்பளம் பெறுவோரின் வீடு செலவு நடக்கும் இடம் மட்டுமே. வரவு வேறோர் இடத்தில் நிகழ்கிறது. நெசவாளருக்கோ தறி நிற்கும் கூடமே உண்ணும் கூடமாகவும், உறங்கும் கூடமாகவும், பிள்ளைகள் பாடம் படிக்கும் கூடமாகவும் இருக்கிறது. தொழிலின் செலவு எங்கே முடிகிறது, குடும்பத்தின் செலவு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இரவில் எரியும் விளக்கு தறிக்கா, பிள்ளையின் பாடத்துக்கா? வடித்த கஞ்சி மாட்டுக்கா, பாவுக்கா? இத்தகைய இல்லத்தில் வரவு செலவு எழுதுவது எளிதன்று என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்வோம்.

எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தை மனத்தில் அமைத்துக்கொள்வோம். சென்னிமலைக்கும் பவானிக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் அது இருக்கட்டும். குழித்தறி ஒன்று, கொல்லையில் 3 சென்ட் நிலம், ஒரு கறவைப் பசு. கணவர், மனைவி, கணவரின் தாயார், 12 வயதில் ஒரு பெண், 8 வயதில் ஒரு பையன், 2 வயதில் ஒரு குழந்தை. கடன் இல்லை. நூலைச் சங்கம் தருகிறது. துணியைச் சங்கமே பெற்றுக்கொள்கிறது. கூலி கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. வெளியில் வாங்குவது உப்பு, எண்ணெய், மருந்து, பள்ளிக்கு வேண்டியவை ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இவ்வாறு வாழும் குடும்பத்தை ஊரார் "கட்டும் செட்டுமான குடித்தனம்" என்று புகழ்வார்கள். புகழத் தக்கதே.

அவ்வில்லத்தின் ஒரு நாளைக் காண்போம். விடியுமுன் மனைவி எழுந்து சாணம் தெளித்துப் பால் கறக்கிறார். கணவர் தறிக்குழியில் இறங்கும்போது கதிரவன் தோன்றியிருப்பதில்லை. காலைக் குளிர்ச்சியில் நூல் அறுவது குறைவு. மூத்த பெண் பாத்திரம் துலக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, இராட்டையின் முன் அமர்ந்து அன்றைக்கு வேண்டிய தாரில் ஒரு பகுதியைச் சுற்றிவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுகிறாள். மாலையில் திரும்பியதும் மறுபடியும் இராட்டை. பையன் மாட்டுக்குப் புல் கொண்டு வருகிறான். அப்பத்தாளுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஆகையால் இராட்டையில் அமர இயலவில்லை. கைக்குழந்தையை அவர் பார்த்துக்கொள்கிறார். விளக்கு வைத்த பின் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். அப்பத்தாள் கதை சொல்ல, பையன் தறியின் மிதிப்பலகையில் காலை நீட்டி உறங்கிப்போகிறான். கண்ணுக்கு இனிய காட்சிதான். இதில் குறை காண்பது கல் நெஞ்சருக்கே இயலும் என்று தோன்றலாம்.

தார் சுற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். உழவர் குடும்பத்து உறுப்பினர்களுக்கு அதன் அளவு தெரியாதிருக்கலாம். நெசவில் நீளவாட்டில் செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஊடை நூலைச் சிட்டத்தினின்றும் பிரித்துச் சிறு குச்சியில் சுற்றி, நாடாவுக்குள் வைத்தால்தான் தறி ஓடும். அவ்வாறு சுற்றிய குச்சியே தார். நூல் பருமனாக இருந்தால் ஒரு தாரில் அடங்கும் நீளம் குறைவு. ஆதலின் தார் விரைவில் தீர்ந்துவிடும். ஜமக்காளம், படுக்கை விரிப்பு முதலிய பருநூல் நெசவில் தாருக்கு ஓய்வே கிடையாது. நெய்பவர் கை நிற்கக் கூடாதென்றால் சுற்றுபவர் கை நிற்கலாகாது. நெய்பவரின் பெயர் சங்கத்தின் ஏட்டில் இருக்கிறது. சுற்றுபவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

நம் எடுத்துக்காட்டுப் பெண் காலையிலும் மாலையிலுமாக நாளொன்றுக்கு 3 மணி நேரம் தார் சுற்றுகிறாள் என்று கொள்வோம். தறி ஓடும் நாட்கள் ஆண்டுக்கு 300. ஆக 900 மணி. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் (2009) தொடக்கப் பள்ளியின் ஒரு கல்வியாண்டுக்குக் குறைந்த அளவாக விதித்திருக்கும் கற்பிக்கும் நேரம் 800 மணி. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 1,000 மணி. ஆகவே இச்சிறுமி ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரண்டு பள்ளியாண்டுகளின் உழைப்பைச் செய்கிறாள். ஒன்று பள்ளியில், மற்றொன்று இராட்டையில். வகுப்பில் அவள் கண் செருகினால் ஆசிரியர் அவளை மந்தபுத்தி என்று எண்ணக்கூடும். அவள் மந்தமல்லள், அவளுக்கு இரட்டை வேலை.

ஏன் இவ்வாறு நேர்கிறது? பெற்றோர் அன்பற்றவர்கள் என்பதாலா? அன்று. இதற்கு ஒரு கணக்கு உண்டு. ருஷ்ய நாட்டுப் பொருளாதார அறிஞர் அலெக்சாண்டர் சயானோவ் என்பவர், கூலிக்கு ஆள் வைக்காமல் தம் குடும்பத்தின் உழைப்பைக் கொண்டே பயிர் செய்யும் குடியானவர் இல்லங்களை ஆராய்ந்து 1925ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கூட்டுறவு இயக்கத்திலும் அவர் தீவிரமாக ஈடுபட்டிருந்தவர். அவர் கூறியதன் சாரம் இது: ஒரு குடும்பம் எவ்வளவு கடுமையாக உழைக்கும் என்பதை அதன் பேராசையோ சோம்பலோ தீர்மானிப்பதில்லை, உண்ணும் வாய்களுக்கும் உழைக்கும் கைகளுக்கும் உள்ள விகிதமே தீர்மானிக்கிறது. அவ்விகிதம் எக்காலத்தும் ஒரே நிலையில் நிற்பதன்று. குழந்தைகள் பிறந்து வளர வளர அது ஏறி இறங்குகிறது.

நம் இல்லத்துக்கு அதனைப் பொருத்திப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டுப் பெரியவரை 1 வாய் என்றும், குழந்தையை அரை வாய் என்றும் கொள்வோம். திருமணமான ஆண்டில் கணவர், மனைவி, தாயார் என 3 வாய். கைகளோ கணவர் 1, மனைவி 1, அப்பொழுது பார்வை நன்றாயிருந்த தாயார் அரை, ஆக இரண்டரை. ஒரு கைக்கு 1.2 வாய். 13ஆம் ஆண்டில் மூன்று குழந்தைகளையும் சேர்த்து வாய் நான்கரை. கணவரின் கை 1. மனைவி கைக்குழந்தையோடும் அடுப்போடும் மாட்டோடும் போராடுவதால் தொழிலுக்குக் கிடைப்பது அரை. அப்பத்தாள் குழந்தையை ஏந்திக்கொள்வதனால்தான் அந்த அரையேனும் கிடைக்கிறது. ஆகக் கை ஒன்றரை. ஒரு கைக்கு 3 வாய். 21ஆம் ஆண்டில் மூத்த பெண் 20 வயதினளாய் உழைக்கத் தொடங்கியிருப்பாள். கடைக்குட்டி பள்ளியில் இருப்பான். மனைவியின் கை முழுமையாகத் திரும்பியிருக்கும். பையனும் 16 வயதில் முழு வாயாகி, வாய் ஐந்தரையாக ஏறியிருந்தாலும் கை 3. ஒரு கைக்கு 1.8 வாய்.

1.2 என்பது 3 ஆக ஏறி, பின்னர் 1.8க்கு இறங்குகிறது. இதுவே பெரும்பாலான நெசவாளர், உழவர் இல்லங்களின் வாழ்க்கைக் கோடு. நடுவில் உள்ள அந்த மேட்டை இறுக்க காலம் என்று அழைப்போம். மூத்த குழந்தைக்கு ஏறத்தாழ 9 வயதாகும்போது தொடங்கி 14, 15 வயது வரை அது நீடிக்கிறது. கவனியுங்கள்: ஒரு குழந்தை எழுத்தறிவினின்றும் உண்மையான படிப்புக்கு ஏற வேண்டிய ஆண்டுகளும் அவையே. இல்லத்தின் முடையும் குழந்தையின் தேவையும் ஒரே காலத்தில் வந்து மோதுகின்றன. அம்மோதலில் தோற்பது பெரும்பாலும் மூத்த குழந்தை. அது பெண்ணாயிருந்தால் தோல்வி உறுதி என்றே கூறலாம். இளையவன் படிக்கிறான், அவனுக்கு 12 வயதாகும்போது மேடு தாழ்ந்துவிடுகிறது. "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, இவனுக்கு ஏறிற்று" என்று வீட்டார் கூறுவர். ஏறியதும் ஏறாததும் பிறந்த வரிசையைப் பொறுத்தது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

சயானோவ் கூறிய இன்னொன்றும் நமக்குப் பயன்படும். இத்தகைய இல்லம் தன் உழைப்பைச் செலவாக எண்ணுவதே இல்லை. ஆலை முதலாளி கூலியைச் செலவில் எழுதுவான். ஆகவே நட்டமென்றால் ஆலையை நிறுத்துவான். குடும்பமோ தன் கையை இலவசமெனக் கருதுவதால், எந்த விலைக்கும் தொடர்ந்து உழைத்துக்கொண்டே இருக்கும். ஓர் ஆலை மூடும் நிலையிலும் ஒரு தறி ஓடுவதன் இரகசியம் இதுவே. நெசவாளரின் பொறுமை என்று மேடைகளில் போற்றப்படுவதில் பாதி, எழுதப்படாத கூலிதான்.

இதனால் விளையும் தீங்கு அந்த இல்லத்தோடு முடிவதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை இலவசமாகத் தார் சுற்றுவதால் அவ்வீட்டுக்குக் கூலிச் செலவு மிச்சம். தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சுற்றினால், தார் சுற்றுவதற்குக் கூலி என்று ஒன்று உண்டென்பதே ஊருக்கு மறந்துவிடும். துணிக்குக் கூலி நிர்ணயிக்கும்போது ஊடைத் தயாரிப்பு ஒரு பொருட்டாக எண்ணப்படாமற்போகும். பின்னர், பிள்ளைகளே இல்லாத ஒரு தம்பதி அதே கூலிக்கு நெய்ய வேண்டி வரும்போது அவர்களுக்குக் கட்டுபடியாகாது. சங்கப் பேரவையில் கூலி உயர்வைக் கோரும் உறுப்பினர்கள், தார் சுற்ற எத்தனை மணி ஆகிறது, பாவு பிணைக்க எத்தனை, கஞ்சி போட எத்தனை என்று எழுதிக் கொண்டுவந்து காட்டுவது மிக அரிது. விலைவாசியைப் பற்றி உரத்துப் பேசுகிறார்கள். தம் வீட்டு மணிக்கணக்கை எழுதி வருவதில்லை. எழுதப்படாததைக் கேட்டுப் பெறுவது எங்ஙனம்?

முதியவர் ஒருவர் ஒரு முறை என்னிடம், "நாங்கள் எட்டு வயதில் தறிக்குழியில் இறங்கியவர்கள் ஐயா. எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று?" என்று வினவினார். நியாயமான வினாவே. அவர் கைத்திறன் அந்த எட்டு வயதில் விளைந்தது. அதனை மறுப்பார் யார்? பரம்பரைத் தொழில்களில் இளமையிலேயே பயிற்சி தொடங்குவதில் நன்மை உண்டு. ஆனால் அவர் இறங்கிய குழியிலேயே வாழ்நாள் முழுதும் இருந்தார். இன்று இராட்டையில் அமர்ந்திருக்கும் சிறுமி நெசவாளராக வருவாள் என்று அவள் தந்தையே நம்புவதில்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கோ வேறு எதற்கோ செல்வாள் என்றே எண்ணுகிறார். அவளுக்குக் கிடைப்பது தொழிற்பயிற்சியன்று. தார் சுற்றும் வேலை மட்டுமே. மேலும், தார் சுற்றுவதைக் கற்க ஒரு வாரம் போதும். எஞ்சிய ஆண்டுகளில் அவள் கற்பது ஒன்றுமில்லை.

குழந்தைகள் வீட்டில் வேலையே செய்யலாகாது என்று கூற வந்தேனல்லேன். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் நடுவே இராட்டை இருந்தது. கைவேலையின் வழியாகவே கணக்கும் மொழியும் கற்பிக்க அவர் விரும்பினார். 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1954இல் காமராஜர் அரசு அதனைக் கைவிட்டது. சாதிக்கேற்ற தொழிலில் பிள்ளைகளைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு என்பதே அன்றைய முதன்மையான கண்டனம். அது சரியான கண்டனமே. வீட்டில் கழியும் அந்த அரை நாள் யாருக்காகக் கழியும் என்னும் வினாவையும் அதனோடு சேர்த்தே எழுப்பியிருக்க வேண்டும். முடையில் இருக்கும் வீடு அந்த அரை நாளைக் கல்விக்கு விட்டுவைத்திருக்காது.

எது கல்வி, எது வேலை என்று பிரித்தறிய நான் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு. கற்பதற்காகச் செய்வது, கற்றதும் வேறொன்றாக மாறும். இன்று தார், அடுத்த மாதம் பாவு பிணைப்பு, அப்பால் வண்ணக் கணக்கு, பின்னர் அச்சு. வீட்டின் முடைக்காகச் செய்வது மாறுவதே இல்லை. நேற்றுச் சுற்றிய தாரையே நாளையும் சுற்ற வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் கற்பது நின்றுவிடும்; முடை நிற்பதில்லை.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்வது நலம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெசவு ஆகியவற்றைக் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாத வேலைகளின் அட்டவணையில் சேர்த்தது. குடும்பத்தார் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயது நிரம்பாத குழந்தையை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று விதித்து, பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத்துக்குச் செய்யும் உதவியை, ஆபத்தான தொழில்கள் நீங்கலாக, அனுமதித்தது. உதவி என்பதற்கும் உழைப்பு என்பதற்கும் இடையே எத்தனை மணி என்று சட்டம் கூறவில்லை. அதனை வீடே கூறிக்கொள்ள வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் எதுவும் உதவியாகாது என்பது என் கருத்து, பிறர் மாறுபடலாம்.

அப்படியாயின் இறுக்க காலத்தை எவ்வாறு கடப்பது? அதனைக் கடன் கொண்டு கடப்பவர்களே மிகுதி. கடன் பின்பு பிள்ளையின் கையாலேயே தீர்க்கப்படும். முன்பணம் பெற்ற தறிகளில் குழந்தைகள் கட்டுண்டு கிடந்த கதை பட்டு நெசவு ஊர்களுக்குத் தெரியும்.

முதலில் சில்லறைச் சிக்கனங்களைப் பேசி முடித்துவிடலாம். கறவை மாடு வைத்திருக்கும் இல்லங்களில் நான் கண்டு வருந்துவது ஒன்று: கறந்த பால் முழுவதும் சங்கத்துக்குச் சென்றுவிடுகிறது, பிள்ளைகள் கடுந்தேநீர் குடிக்கிறார்கள். பால் சங்கத்தின் வளர்ச்சியில் எனக்கும் அக்கறை உண்டு. ஆயினும் பசு 5 லிட்டர் கறந்தால், சங்கத்துக்கு ஊற்றுமுன் குழந்தைக்கு 200 மில்லி வீதம் மூவருக்கும் 600 மில்லியை எடுத்து வையுங்கள். சங்கத்துக்கு 4.4 லிட்டர் போதும். பால் இல்லாத வீடு கேழ்வரகை விடலாகாது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடை அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. களியும் கூழும் ஏழ்மையின் அடையாளம் என்று நினைத்து அரிசிக்கு மாறிய இல்லங்கள் எலும்பை விற்று வெண்மையை வாங்கியுள்ளன. கொல்லையில் ஒரு முருங்கை, ஓர் அகத்தி, இரண்டு பப்பாளி, பாத்திரம் கழுவும் நீர் பாயுமிடத்தில் வாழை; 3 சென்ட் இதற்கே தாராளம். உணவோடு தேநீர் அருந்தினால் கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் கூடும். இதற்குக் காசு செலவில்லை. பள்ளியில் கிடைக்கும் உணவைப் பெற வெட்கப்படுவோர் இன்னமும் சிலர் உள்ளனர். 1956இல் தொடங்கி 1982இல் விரிவாக்கப்பட்ட மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. அவற்றை மறுப்பது சிக்கனமுமன்று, மானமுமன்று.

தந்தையர் தேநீர்க்கடையில் செலவிடுவதைப் பற்றியும் ஒரு சொல். சிக்கனச் சொற்பொழிவுகளில் மஞ்சள் தூளும் சோப்பும் இடம்பெறுகின்றன. வெற்றிலையும் புகையிலையும் தேநீரும் ஏனோ இடம்பெறுவதில்லை. சொற்பொழிவாளர் ஆடவராக இருப்பது காரணமோ?

இவையெல்லாம் உதவும்; ஆனால் இறுக்க காலத்தை இவை மட்டும் தாங்கா. அதற்கு வேண்டியது முன்னேற்பாடு. மேட்டின் காலம் நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதே இதில் உள்ள ஆறுதல். மழை எப்பொழுது பெய்யும் என்று அறியாதவனும் ஐப்பசியில் குழித்தறியில் நீர் ஊறும், தெருவில் பாவு ஓட்ட இயலாது, அந்த இரண்டு மாதம் வரவு குறையும் என்பதை அறிந்து ஆடியிலேயே சேர்க்கத் தொடங்குகிறான். ஓர் ஆண்டுக்குள் வரும் அடைமழைக்கு ஏற்பாடு செய்பவர், 10 ஆண்டுகளில் வரும் அடைமழைக்கு ஏன் செய்யலாகாது?

தார் சுற்ற ஆள் வைத்தால் நாளொன்றுக்கு 60 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விகிதம் வேறாகலாம். மாதம் 25 நாளுக்கு 1,500 ரூபாய். திருமணமான முதல் 8 ஆண்டுகளில், கைகள் மிகுந்தும் வாய்கள் குறைந்தும் இருக்கும் காலத்தில், கூட்டுறவு வங்கியிலோ அஞ்சலகத்திலோ மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பாகச் செலுத்தினால் 48,000 ரூபாய் சேரும். வட்டியைச் சேர்க்காமலே 32 மாதங்களுக்குத் தார் சுற்றும் கூலி அதில் அடங்கிவிடும். வட்டியோடு மூன்றாண்டு ஆகலாம். 12 வயதுப் பெண் 15 வயதை எட்டிவிடுவாள். புதுமணத் தம்பதிகள் அந்த 8 ஆண்டுகளைத்தான் சீர், விருந்து, நகைச்சீட்டு எனக் கழிக்கிறார்கள். நகை வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. தொடர் வைப்புக்குப் பின் நகை.

நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. 1975இல் தொடங்கிய அத்திட்டத்தில் உறுப்பினர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 காசு செலுத்த, மாநில அரசு 4 காசு சேர்க்கிறது. வாரக் கூலி 3,000 ரூபாய் எனில் உறுப்பினருடையது 240, அரசினுடையது 120, ஆக 360 ரூபாய். 50 வாரங்களில் 18,000. இதற்கு வட்டியும் உண்டு. இது முதுமைக்கு உரியது. இறுக்க காலத்துக்கு இதன்மேல் கண் வைத்தால் அப்பத்தாளின் பங்கைப் பேத்திக்குக் கொடுத்ததாகும். கூலியைச் சங்கத்தின் ஏட்டில் குறைத்துக் காட்டி, வெளியாருக்கும் நெய்து கொடுக்கும் உறுப்பினர்கள் தம் 8 காசோடு அரசின் 4 காசையும் இழக்கிறார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டேயாக வேண்டும்.

ஆள் கிடைக்காத ஊர்களில் மோட்டார் பொருத்திய தார் சுற்றும் கருவி பயன்படும். ஒரு வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. மூன்று வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்துக்கொள்ளலாம். கைத்தறி நெசவாளர் இல்லங்களுக்கு இரு மாதங்களுக்கு விலையின்றி வழங்கப்படும் மின்சாரம் 2023இல் 200 யூனிட்டினின்றும் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டுள்ளது. சிறு மோட்டார் அதனைப் பெரிதாகத் தின்றுவிடாது. மூன்று வீட்டாரும் முதலில் சண்டையிடுவர். யார் வீட்டில் கருவி இருப்பது என்பதில் தொடங்கும். அதனை எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது.

உழவர் உறுப்பினர்கள் இவற்றைத் தமக்குப் பொருத்திக்கொள்வது கடினமன்று. தாருக்குப் பதில் களையெடுப்பு, ஆடு மேய்ப்பு, பருத்தி பறிப்பு. நெசவு ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகப் பிள்ளையின் நேரத்தை எடுக்கிறது. உழவு பருவத்தில் மொத்தமாக எடுக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலைக்குக் களையெடுக்கும் வாரங்களில் பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், எந்த வீட்டில் எத்தனை ஏக்கர் என்று ஆசிரியரால் கூறிவிட முடியும். அந்த வாரங்களுக்குக் கைமாற்றாட்கள் முறை முன்பு பல ஊர்களில் இருந்தது. இன்று உன் வயலில் நாங்கள், நாளை எங்கள் வயலில் நீங்கள். அதனை மீட்டெடுக்கச் சங்கம் கூடத் தேவையில்லை. நான்கு குடும்பம் ஒத்துக்கொண்டால் போதும்.

இனி, கணக்கை எழுதும் முறை. 40 பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். வலப்பக்கத்தில் வழக்கமான வரவு செலவு. இடப்பக்கத்தில், வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அன்று தொழிலுக்குக் கொடுத்த மணி நேரம். மனைவியின் பெயரை விட்டுவிடாதீர்கள். மாட்டையும் கொல்லையையும் பார்த்த நேரமும் தொழில் நேரமே. மூத்த பிள்ளையையே எழுதச் செய்யலாம்; அவளுக்கு எழுத்தும் கணக்கும் பழகும், அவள் தன் பெயருக்கு எதிரே பொய் எழுதவும் மாட்டாள். மாத முடிவில் மணிகளைக் கூட்டி, ஊரில் நடக்கும் கூலியால் பெருக்குங்கள். அத்தொகையை வரவிலும் எழுத வேண்டும், செலவிலும் எழுத வேண்டும். ஏனெனில் அது வீட்டுக்கு வந்த வரவு, அதைக் கொடுத்தவருக்கு வீடு பட்ட கடன். முதல் மாதம் கணவருக்குச் சற்று அதிர்ச்சியாக இருக்கும். தம் கூலியில் தாம் நெய்தது எவ்வளவு, பிறர் சுற்றியது எவ்வளவு என்று அன்றுதான் அவருக்குத் தெரிய வரும்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கிறது. குறிப்பேட்டை மே மாதத்திலேயே தொடங்கினால் விடுமுறையில் பிள்ளை கொடுத்த மணியும் பள்ளி நாளில் கொடுக்கும் மணியும் தனித்தனியே தெரியும். இரண்டுக்கும் வேறுபாடு இல்லாத வீடுகள், தொடர் வைப்புத் தொடங்கும் வரை காத்திராமல், தார்க் கருவியைப் பற்றிப் பக்கத்து வீட்டாரோடு இந்த மாதமே பேசிவிடுவது நல்லது.